நெடும்புதினமும் திரைப்பகுப்பும்: ‘டியூன்’ தழுவல் வரலாறு

1. முன்னுரை

ரோமன் யாக்கப்சன் 1959இல் மொழிபெயர்ப்பை மூவகைப்படுத்தினார். ஒரு மொழிக்குள்ளேயே வேறு சொற்களால் கூறுவது ஒன்று; ஒரு மொழியிலிருந்து பிறிதொரு மொழிக்குப் பெயர்ப்பது மற்றொன்று; மொழிக்குறிகளை மொழியல்லாத குறிகளாக மாற்றுவது மூன்றாவது. புதினம் திரைப்படமாவது மூன்றாம் வகையின்பாற்படும். எனினும் திரைப்படத்தில் பேச்சும் எழுத்தும் இடம்பெறுவதால் முதலிரு வகைகளும் அதனுள் வந்து கலக்கின்றன.

இக்கலப்பைத் தெளிவுறக் காட்டும் சான்று, அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ (1965) என்னும் அறிவியல் புதினம் ஆகும். மணற்குன்று என்பது தலைப்பின் பொருள். நாற்பது ஆண்டுகளில் இப்புதினம் 1984, 2000, 2021–24 என மூன்று முறை திரைவடிவம் பெற்றது. ஒவ்வொரு முறையும் நீளமே முதற்சிக்கலாகக் கருதப்பட்டது. ஆயின் எங்கே பகுப்பது, புதினத்தில் எண்ணமாக நிற்பதை யார் வாயிலாகப் பேசுவது என்னும் இரு வினாக்களுக்கான விடைகளே தழுவலின் பொருளைத் தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. மூலப் பனுவலின் அமைப்பு

‘டியூன்’ நூலாவதற்கு முன்பே பகுக்கப்பட்ட பனுவலாகும். ‘அனலாக்’ இதழில் 1963–64இல் ஒரு தொடராகவும் 1965இல் மற்றொரு தொடராகவும் அது வெளிவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தபின், கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற சில்டன் நிறுவனம் அதனை நூலாக்கியது. முதல் தொடர் நூலின் முதற்பகுதியாகவும், இரண்டாம் தொடர் எஞ்சிய இரு பகுதிகளாகவும் அமைந்தன.

அர்ராகிஸ் என்னும் பாலைக்கோளில் தந்தையை இழந்த இளைஞன் பால் அட்ரெய்டீஸ், அங்கு வாழும் ஃபிரெமென் மக்களிடம் அடைக்கலம் புகுகிறான். அவர்களின் தொன்மத்தில் எதிர்பார்க்கப்படும் மீட்பனாக ஏற்கப்பட்டு, இறுதியில் பேரரசைக் கைப்பற்றுகிறான். அத்தொன்மத்தின் பெரும்பகுதி, வேறொரு சமயக் குழுவினர் தம் நலன் கருதி முன்பே விதைத்து வைத்தது. தன் பெயரால் நிகழவிருக்கும் பேரழிவை நாயகன் அறிவான். அவ்வறிவு பெரும்பாலும் அவன் எண்ணங்களிலேயே வெளிப்படுகிறது. புதினம் ஒரே காட்சியில் பலருடைய எண்ணங்களையும் சாய்வெழுத்தில் தருகிறது. இயல்கள் தோறும் இளவரசி இருலான் எழுதியதாக அமைந்த முகப்புக் குறிப்புகள் உள்ளன. நூலிறுதியில் சொற்பொருள் அகராதியும் உண்டு. இம்மூன்றும் எழுத்து வடிவத்திற்கே உரியவை. திரைக்கு நேரே கொண்டுசெல்ல இயலாதவை.

3. பகுக்கப்படாத படம்

1970களின் நடுவில் அலெஹாந்த்ரோ ஹொடொரோவ்ஸ்கி பத்து மணி நேரத்திற்கும் மேற்பட்ட ஒரு படத்தைத் திட்டமிட்டார். ஓவியர் மோபியஸ் ஏறத்தாழ 3,000 காட்சிப்படங்களை வரைந்தார். பொருளுதவி கிட்டாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

டேவிட் லிஞ்ச் இயக்கத்தில் 1984இல் வெளிவந்த படம் 137 நிமிடங்களில் முழுக்கதையையும் அடக்கியது. எண்ணங்கள் பின்னணிக் குரலாக முணுமுணுக்கப்பட்டன. இருலானின் குறிப்புகள் தொடக்க உரையாயின. அமெரிக்கத் திரையரங்குகள் சிலவற்றில் பார்வையாளர்களுக்குச் சொற்பொருள் தாள்களும் வழங்கப்பட்டன. நூலின் பின்னிணைப்பு திரையரங்கின் வாயிலுக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

எனவே, லிஞ்ச் மூலத்தைப் புறக்கணித்தார் என்பது பொருந்தாது. எழுத்துக்குரிய உறுப்புகளை அவர் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முயன்றார். சொற்கள் எஞ்சின; அவை தாங்கிய ஐயம் எஞ்சவில்லை. படத்தின் முடிவில் அர்ராகிஸில் மழை பொழிகிறது. புதினத்தில் இல்லாத இம்மழை, மீட்பன் பற்றிய வாக்கு மெய்யானதாகவே காட்டிவிடுகிறது. எச்சரிக்கையாக எழுதப்பட்டது வெற்றிக்கதையாக முடிந்தது.

4. மூன்று பாகத் தொடர்

ஜான் ஹாரிசன் 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக மூன்று பாகத் தொடர் ஒன்றை உருவாக்கினார். சுமார் நாலரை மணி நேரம் கிடைத்தமையால் நிகழ்ச்சிகள் பலவும் இடம்பெற்றன. புதினத்தில் முகப்புக் குறிப்புகளின் ஆசிரியராகவே பெரும்பாலும் அறியப்படும் இருலான், இத்தொடரில் கதைநிகழ்வுகளில் பங்குகொள்ளும் பாத்திரமாக வளர்க்கப்பட்டாள். பனுவலின் உறுப்பொன்றைப் பாத்திரத்திடம் ஒப்படைக்கும் இவ்வுத்தி பின்வந்த தழுவலிலும் வேறொரு வடிவில் தொடர்கிறது.

5. இரு படங்கள்

டெனி வில்னூவ் புதினத்தை இரு படங்களாகப் பகுத்தார். 155 நிமிடங்கள் கொண்ட முதற்படம் 2021இல் வெளிவந்தது. திரையில் ‘முதற்பாகம்’ என்றே குறிக்கப்பட்டிருந்தும், இரண்டாம் படத்திற்கான ஒப்புதல் முதற்படம் அமெரிக்காவில் வெளியான சில நாள்களுக்குப் பின்னரே அறிவிக்கப்பட்டது. அதுவரை அப்படம் முற்றுவினை வராத வாக்கியமாகவே நின்றது. 166 நிமிடங்கள் கொண்ட இரண்டாம் படம் 2024இல் வெளிவந்தது.

பகுப்பு நிகழ்ந்த இடம் கருதத்தக்கது. இதழ்த்தொடரும் நூலின் முதற்பகுதியும், நாயகன் தன் எதிர்காலத்தை உணரும் இடத்தில் முடிகின்றன. திரைப்படம் அதனைக் கடந்து, நூலின் இரண்டாம் பகுதிக்குள் சென்று, அவன் ஜாமிஸ் என்னும் ஃபிரெமென் வீரனை ஒற்றைப்போரில் கொன்று அம்மக்களுடன் சேரும் இடத்தில் முடிகிறது. நூலில் அறிவு முடிவாயிற்று. படத்தில் முதற்கொலை முடிவாயிற்று. பக்கக் கணக்கினும் பொருளே இங்கு எல்லையை வகுத்தது.

எண்ணக்குரல்கள் பெரிதும் தவிர்க்கப்பட்டன. தாயும் மகனும் கைச்சைகைகளால் பேச, அதன் பொருள் திரையில் எழுத்தாக வருகிறது. நூலில் நாயகனின் தங்கை ஆலியா குழந்தையாகப் பிறந்து பாரன் ஹார்கோனனைக் கொல்கிறாள். படத்தில் காலம் சுருக்கப்பட்டு, அவள் கருவிலிருந்தே தாயுடன் உரையாடுகிறாள். தலையாய மாற்றம் சானியிடம் நிகழ்ந்தது. புதினத்தில் நாயகனுக்குத் துணைநிற்கும் அவள், படத்தில் தொன்மத்தையே மறுக்கிறாள். இறுதியில் அவனை நீங்கிச் செல்கிறாள். நாயகனின் நெஞ்சில் இருந்த ஐயம் சானியின் பேச்சாகவும் பிரிவாகவும் மாற்றப்பட்டது. ஓரிடத்தில் இழந்ததை வேறோரிடத்தில் மீட்கும் இதனை மொழிபெயர்ப்பியலார் ஈடுசெய்தல் என்பர்.

இம்மாற்றம் ஹெர்பர்ட்டின் நோக்கிற்கு அயலானதன்று. தலைவரை ஐயமின்றிப் பின்பற்றுவதன் கேட்டைச் சொல்லவே எழுதியதாக அவர் பலமுறை விளக்கியுள்ளார். 1969இல் வெளிவந்த ‘டியூன் மெசையா’ என்னும் இரண்டாம் புதினம், நாயகன் பெயரால் நிகழ்ந்த போரில் மாண்டோர் 6,100 கோடி எனக் கூறுகிறது. அடுத்த நூலில் முழுமை பெற்ற எச்சரிக்கையை இரண்டாம் படத்தின் இறுதியிலேயே சானி உணர்த்திவிடுகிறாள்.

6. சொல்லும் மொழியும்

ஃபிரெமென் மக்களின் சொற்களில் பல அரபு மூலமுடையவை. மஹ்தி, உசூல் போன்றவை அத்தகையன. ‘லிசான் அல் காயிப்’ என்பது ‘மறைபொருளின் நாக்கு’ எனப் பொருள்படும்; பாரசீகக் கவிஞர் ஹாஃபிசுக்கும் இப்பெயர் வழங்குகிறது. வருங்காலத்தில் சமயங்கள் கலந்து உருமாறியதற்கு இச்சொற்களே புதினம் தரும் சான்றுகள். படங்கள் இவற்றுள் பலவற்றைப் பேணின. ஆனால் நூலில் திரும்பத் திரும்ப வரும் ‘ஜிஹாத்’ என்னும் சொல் ‘புனிதப் போர்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரால் பதிலீடு செய்யப்பட்டது. 1965இல் அச்சொல் ஆங்கில வாசகரிடம் எழுப்பிய பொருளும் 2001க்குப் பின் எழுப்பும் பொருளும் ஒன்றல்ல என்பது இதற்குக் காரணமாகலாம். பதிலீடு பொருளை விளக்குகிறது. சொல்லின் வழிமரபை அறுக்கிறது.

மறுபுறம், படங்கள் கூடுதலாகத் தந்ததும் உண்டு. ஃபிரெமென் பேசும் சகோப்சா மொழி புதினத்தில் சில தொடர்களாகவே உள்ளது. அதன் பெயர், காக்கசஸ் பகுதியின் மறைமொழி ஒன்றைக் குறித்ததாகும். மொழியாக்க வல்லுநர் டேவிட் ஜே. பீட்டர்சன் அதற்குத் திரைப்படங்களுக்காக இலக்கணமும் சொற்றொகுதியும் அமைத்தார். பாத்திரங்கள் வேற்றுமொழி பேசுவதாகப் புதினம் கூற மட்டுமே முடிந்தது. திரையில் அது கேட்கிறது.

7. முடிவுரை

நெடும்புதினத்தைப் பல படங்களாக்குவது நேரத்தைத் தருகிறது. பொருளைத் தானே தருவதில்லை. 2000ஆம் ஆண்டின் தொடர் 1984இன் படத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீண்டது. ஆயினும் நாயகனின் ஐயத்தை நாயகனுக்கு எதிரே நிற்கும் ஒருத்தியிடம் ஒப்படைத்தது 2024இன் படமே. ஹெர்பர்ட்டின் சொற்களை மிகுதியாகப் பேணிய லிஞ்ச்சின் படம் அவர் நோக்கிலிருந்து விலகியதும், சானியை மாற்றிய வில்னூவின் படம் அந்நோக்கை அணுகியதும் மொழிபெயர்ப்பாளர் ஆழ்ந்து எண்ணத்தக்கவை. நேர்மை என்பது எச்சொல்லைக் காத்தோம் என்பதோடு, அச்சொல் மூலத்தில் செய்த பணியை இப்போது எது செய்கிறது என்பதாலும் அளக்கப்படவேண்டும்.