தாது வருடப் பஞ்சம் முதல் பனியன் பஜார் வரை: பேரிடர் மீட்பு நிதியின் வளர்ச்சியும் விடுபட்ட கணக்கும்

தமிழகத்தில் பேரிடருக்கென்று அரசு தனியாகப் பணம் எடுத்துவைக்கும் வழக்கம் பஞ்சத்தில் பிறந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பிறகு, ஆண்டுதோறும் ஒன்றரைக் கோடி ரூபாயைப் பஞ்சக் காப்புக்கு ஒதுக்குவது என்று 1878இல் காலனி அரசு முடிவெடுத்தது. அந்தப் பணம் அதன் நோக்கத்துக்கு முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்ற கண்டனம் அப்போதே எழுந்தது. 1880இன் பஞ்ச ஆணையமும் அதையொட்டி வந்த பஞ்ச விதித்தொகுப்புகளும் எப்போது நிவாரணம் தொடங்குவது, யாருக்கு என்ன கூலி, எந்த அதிகாரி பொறுப்பு என்பதை எழுத்தில் வைத்தன. மாகாணத்துக்கென்று தனி நிதி அமைக்கும் சட்டம் 1936இல் வந்தது. இவை எல்லாவற்றிலும் இழப்பின் அளவுகோல் நிலம்தான். விளைச்சல் எத்தனை அணா, மாடு எத்தனை, கூலி வேலைக்கு வந்தவர் எத்தனை பேர் என்று வருவாய்த் துறை எண்ணியது. இந்தப் பார்வை இன்றைய விதிகள் வரை தொடர்கிறது.

விடுதலைக்குப் பின் பொறுப்பு நிதிக்குழுக்களிடம் வந்தது. மாநிலங்களின் செலவை மதிப்பிடும்போது பேரிடருக்கென்று ஒரு விளிம்புத் தொகையைச் சேர்த்துக் கணக்கிடும் முறையை இரண்டாவது நிதிக்குழு தொடங்கிவைத்தது. அது போதாதபோது மத்திய அரசு உதவும். ஆனால் வறட்சிக்கான அந்த உதவி பெரும்பாலும் பின்வரும் ஆண்டுகளின் திட்ட உதவியிலிருந்து முன்பணமாக வந்ததால், இன்றைய நிவாரணத்துக்கு நாளைய சாலையையும் பள்ளியையும் மாநிலம் அடகு வைக்க நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் டெல்லிக் குழு வந்து பார்வையிட்டுப் பேரம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது.

இந்த நிலையை மாற்றியது ஒன்பதாவது நிதிக்குழு. 1990–91 முதல் ஒவ்வொரு மாநிலத்திலும் பேரிடர் நிவாரண நிதி அமைந்தது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 804 கோடி ரூபாய். அதில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசுடையது, ஒரு பங்கு மாநிலத்துடையது. பணம் பேரிடருக்கு முன்பே மாநிலத்தின் கையில் இருக்கும் என்பதே இதன் பெரும்பேறு. இந்திய பொது நிதி மேலாண்மை வரலாற்றில் இதைவிட அமைதியாக நடந்து இதைவிடப் பெரிய பயன் தந்த சீர்திருத்தங்கள் சிலவே. மாநிலத்தால் தாங்க முடியாத பேரிடர்களுக்காகப் பத்தாவது நிதிக்குழுவின் காலத்தில் 700 கோடியில் தேசிய நிதி ஒன்று வந்தது. பதினொன்றாவது குழுவின் காலத்தில் வேறொரு நிதி அதன் இடத்தைப் பிடித்தது. 2005இன் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இவற்றுக்குச் சட்ட வடிவம் தர, 2010–11 முதல் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி, தேசியப் பேரிடர் நிவாரண நிதி என்ற இன்றைய பெயர்கள் நிலைத்தன.

பெயர்கள் மாறியும் நோக்கம் மாறவில்லை. உடனடி நிவாரணத்துக்கே இந்த நிதிகளில் இடமிருந்தது. மறுகட்டமைப்பு வேறு கணக்கில் போனது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரை வீடுகளும் துறைமுகங்களும் எழுந்தபோது, அதற்கான பணத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் தனித் தொகுப்பிலிருந்தும் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடனிலிருந்தும் வந்தது. உலகின் கண்ணில் பட்ட பேரிடருக்கு அப்படிப் பணம் கிடைத்தது. சிறிய ஊரின் சிறிய பேரிடருக்கு அந்த வழி இல்லை. பதினைந்தாவது நிதிக்குழுதான் முதன்முறையாக மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும் தனி அறை ஒதுக்கியது. 2021–26 காலத்துக்கு மாநிலங்களுக்கான 1,60,153 கோடி ரூபாயில் 20 சதவீதம் தணிப்புக்கு, 40 சதவீதம் நிவாரணத்துக்கு, 30 சதவீதம் மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும், 10 சதவீதம் ஆயத்தத்துக்கு என்று பிரித்தது. ஆனால் மீட்பு அறையைத் திறப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2024இல்தான் வெளியாயின. ஐந்தாண்டுக் காலத்தில் மூன்று ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன.

இந்த நீண்ட வளர்ச்சியைத் திருப்பூர் காதர்பேட்டையில் நின்று பார்த்தால் அதன் குறை தெளிவாகத் தெரியும். ரயில் நிலையத்துக்கு அருகே அமைந்த இந்தப் பகுதி, பின்னலாடைகளின் மொத்த, சில்லறைச் சந்தை. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய சரக்கும் செகண்ட்ஸ் சரக்கும் உள்நாட்டுச் சரக்கும் இங்கே பீஸ் கணக்கிலும் கிலோ கணக்கிலும் கைமாறுகின்றன; வெளிமாநில வியாபாரிகள் வந்து மூட்டை கட்டிச் செல்கிறார்கள். 2023 ஜூன் மாதத்தில் ஓர் இரவு இங்குள்ள பனியன் பஜாரில் பற்றிய தீயில் சுமார் 50 கடைகள் எரிந்து போயின.

தீ விபத்து மாநிலப் பேரிடர் நிதியின் பட்டியலில் உள்ள பேரிடர்தான். ஆனால் அந்த நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு தரலாம் என்பதை மத்திய உள்துறையின் விதிமுறைப் பட்டியல் வரையறுக்கிறது. உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய், வீட்டுச் சேதம், பயிர், கால்நடை, மீனவரின் படகும் வலையும் என்று அது நீள்கிறது. கைத்தறி, கைவினைத் தொழிலாளருக்கும் ஓர் இனம் உண்டு: கருவிகளுக்கு ஒரு தொகை, கெட்டுப்போன மூலப்பொருளுக்கும் தயாரித்த சரக்குக்கும் ஒரு தொகை. 2015இன் விதிமுறையில் அது தலா 4,100 ரூபாய். பிறகு 5,000 ஆனது. நாட்டின் ஆடைத் தேவையில் பெரும்பகுதியைச் சுமக்கும் விசைத்தறிக்கோ, பின்னலாடைக்கோ, தையல் மெஷினுக்கோ, கடைச் சரக்குக்கோ அந்தப் பட்டியலில் இனமே இல்லை. காதர்பேட்டைக் கடைக்காரரின் மொத்தச் சொத்தும் அலமாரியில் அடுக்கிய சரக்கு. அதில் பாதி கடனுக்கு வாங்கியதாக இருக்கும். அது எரிந்தால் காப்பீடு இருந்தால் உண்டு. இல்லையென்றால் முதலமைச்சரின் பொது நிவாரண நிதி போன்ற, உரிமையாகக் கேட்க முடியாத உதவிகளையே நம்ப வேண்டும். சட்டப்படியான நிதி இருந்தும் அதன் வாசல் அவருக்குத் திறக்கவில்லை என்பதே இங்குள்ள அநீதி.

இதே திருப்பூர் வேறொரு வகை மீட்பு நிதியையும் நாட்டுக்குக் காட்டியிருக்கிறது. சாயக்கழிவு நொய்யலை நஞ்சாக்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசன நிலங்களை அழித்தது மெதுவாக நிகழ்ந்த ஒரு பேரிடர். வேலூர் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று கூறியதைத் தொடர்ந்து அமைந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் பகுதியின் 68 கிராமங்களில் 28,596 விவசாயிகளைக் கண்டறிந்து, 2004 இறுதி வரையிலான இழப்புக்கு 24.79 கோடி ரூபாய் ஈடு நிர்ணயித்தது. சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு 8,700 ரூபாய்கூட இல்லை. தொகை சிறியது, முறை பெரியது. ஊர்வாரியாக, புல எண் வாரியாக இழப்பைப் பதிவுசெய்து, பணம் எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் அது தீர்மானித்தது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சாய ஆலைகளின் பொறுப்பை உறுதிசெய்தன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபின், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தர முன்வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நொய்யலும் அதில் சேரும் ஓடைகளும் பெருக்கெடுத்து நகரில் உயிர்களைப் பறித்தன. அந்த வெள்ளத்துக்கு மீண்டும் பழைய நிவாரணப் பட்டியல்தான் பயன்பட்டது.

பட்டியலுக்கும் உண்மையான இழப்புக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை 2023 டிசம்பர் காட்டியது. மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்டப் பெருமழைக்கும் சேர்த்துத் தமிழக அரசு கேட்டது சுமார் 37,907 கோடி. மத்தியக் குழு ஏற்றது சுமார் 682 கோடி. மாநில நிதியில் இருக்கும் இருப்பில் பாதியைக் கழிக்கும் விதிப்படி 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது 276 கோடி. இதை அரசியல் பூசலாக மட்டும் பார்த்தால் போதாது. மாநிலம் நிரந்தர மறுகட்டமைப்பையும் சேர்த்து மொத்த இழப்பைக் கணக்கிட்டது. மத்திய அரசு இனப் பட்டியலைக் கொண்டு கணக்கிட்டது. இரண்டும் இரு வேறு அளவுகோல்கள்.

மீட்பு நிதியை வலுப்படுத்துவது, ஆகவே, தொகையைக் கூட்டுவதோடு முடியாது. எரிவதற்கு முன்பு என்ன இருந்தது என்ற பதிவு வேண்டும். மாநகராட்சியின் தொழில் உரிமம், ஜிஎஸ்டி கணக்கு, மின் இணைப்பு, 2014இன் தெருவோர வணிகர் சட்டப்படி நடத்த வேண்டிய கணக்கெடுப்பு ஆகிய எல்லாம் தனித்தனியே கிடக்கின்றன. அவற்றை ஒன்றாக்கினால் தீ அணைந்த மறுநாளே வட்டாட்சியரால் இழப்பை மதிப்பிட முடியும். அடுத்தது விதி. மாநில நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடப் பதினான்காவது நிதிக்குழு காலம் முதல் அனுமதி உண்டு. 2024இல் வெப்ப அலையைத் தமிழகம் மாநிலப் பேரிடராக அறிவித்தது அந்த வழியில்தான். ஆனால் அறிவிப்பு பேரிடரைத்தான் சேர்க்கும், பின்னலாடைச் சரக்கையும் தையல் மெஷினையும் பட்டியலில் சேர்க்க உள்துறையின் விதிமுறை மாற வேண்டும். மூன்றாவது, செலவின் தணிக்கை. 2015 சென்னை வெள்ளம் குறித்த இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல்தான் சட்டமன்றத்துக்கு வந்தது. மூன்றாண்டு தாமதித்து வரும் தணிக்கையால் அடுத்த மழைக்குள் எதையும் திருத்த முடியாது.

பதினாறாவது நிதிக்குழுவின் காலம் 2026 ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கான புதிய விதிமுறை எழுதப்படும்போது, கைத்தறிக்கு அளித்த இடத்தைப் பின்னலாடைச் சந்தைக்கும் சிறு கடைக்கும் தருமாறு தமிழக அரசும் திருப்பூரின் தொழில் அமைப்புகளும் எழுத்துப்பூர்வமாகக் கோர வேண்டும்.