ஸலீமும் ஸாலிமும்

அபூ உமைர் என்ற சிறுவன் ஒரு சிறு குருவியை வளர்த்து வந்தான். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அவன். அவ்வீட்டிற்கு வரும்போதெல்லாம் நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் அவனோடு விளையாட்டாகப் பேசுவது வழக்கம். ஒருநாள் அவன் முகம் வாடியிருந்தது. குருவி இறந்துவிட்டது என்றார்கள். பெருமானார் அச்சிறுவனைப் பெரியவர்களை அழைப்பது போல் அழைத்து, குருவிக்கு என்ன ஆயிற்று என்று கனிவோடு வினவினார்கள். ஒரு வீட்டு முற்றத்துச் செய்திதான். ஆயினும் ஹதீஸ் நூல்கள் அதனைப் போற்றிப் பாதுகாத்தன. ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் அந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துக் காட்டித் தனியாக ஒரு நூலே எழுதினார்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. பயணத்தின் நடுவே தோழர்கள் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை சிறகை விரித்து அவர்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. திரும்பி வந்த பெருமானார் அதைக் கண்டதும், குஞ்சுகளைப் பறித்து இந்தத் தாயைத் தவிக்கவிட்டது யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை கூறுவதை நாம் ஓதுகிறோம். ஆனால் அச்சமுதாயத்தின் இல்லறம் எத்தகையது, அங்கே யார் வீடு கட்டுகிறார், யார் அடைகாக்கிறார், யார் குஞ்சுக்கு ஊட்டுகிறார் என்று அருகிலிருந்து கண்டு எழுதியவர்கள் மிகச் சிலரே. அல்ஜாஹிழும் தமீரியும் விலங்குகளைப் பற்றிப் பெருநூல்கள் யாத்தார்கள். அவை பெரும்பாலும் கேட்டதும் படித்ததும் திரட்டிய களஞ்சியங்கள். ஒரே கூட்டின் முன் நாள்கணக்கில் காத்திருந்து, கண்டதை மட்டும் குறித்துவைத்த இருவரை நம் நாட்டு வரலாறு காட்டுகிறது. இருவருக்கும் இடையே முந்நூறு ஆண்டு இடைவெளி. ஒருவர் பேரரசர், மற்றவர் வேலையிழந்தவர். வியப்பு என்னவெனில், ஒருவரின் இயற்பெயர் ஸலீம், மற்றவர் பெயர் ஸாலிம். உச்சரிப்பில் நெடில் இடம் மாறினாலும் அரபு வேர் ஒன்றே.

முதலாமவர் ஜஹாங்கீர். ஷெய்கு ஸலீம் சிஷ்தி அவர்களின் நினைவாக அக்பர் தம் மகனுக்கு வைத்த பெயர் ஸலீம். 1605இல் அரியணை ஏறிய அவர் தம் கைப்பட எழுதிவந்த நாட்குறிப்பே 'துஸூக்-இ-ஜஹாங்கீரி'. போர்களும் பட்டங்களும் பரிசுகளும் நிறைந்த அந்நூலில், 1618இல் குஜராத்தில் தங்கியிருந்த நாள்களைப் பற்றிய பகுதியில், ஒரு சாரஸ் கொக்கு இணையின் கதை வருகிறது.

சாரஸ் கொக்கு நம் தமிழ்நாட்டில் காணப்படுவதன்று. வடநாட்டு வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் இணை பிரியாது உலவும், ஆள் உயரப் பறவை. சாம்பல் நிற உடல், சிவந்த தலை. குஞ்சுகளாக இருந்தபோதே பிடித்து வளர்க்கப்பட்ட ஓர் இணைக்கு மன்னர் லைலா, மஜ்னூன் என்று பெயர் சூட்டியிருந்தார். அவை கூடியதைக் கண்டதாக ஒரு பணியாளர் வந்து சொன்னார். சாரஸ் கூடுவதை எவரும் கண்டதில்லை என்பது அக்காலத்தார் நம்பிக்கை. மறுமுறை அதன் அறிகுறி தெரிந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்ட மன்னர், விடியற்காலையில் செய்தி வந்ததும் தாமே எழுந்து சென்று பார்த்தார். அரண்மனைச் சிறு தோட்டத்தில் அவ்விணை வைக்கோலும் குப்பையும் கூட்டி முதல் முட்டை இட்டது. மூன்றாம் நாள் இரண்டாவது முட்டை.

அதன்பின் அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, எழுதுபவர் ஒரு சக்கரவர்த்தி என்பதே மறந்துபோகிறது. இரவு முழுதும் பெட்டை அடைகாக்கிறது; ஆண் அருகில் நின்று காவல் புரிகிறது. எந்த உயிரும் கூட்டை நெருங்க முடிவதில்லை. ஒருமுறை கீரி போன்ற ஒரு விலங்கு தலைகாட்டியபோது, அது வளைக்குள் புகும்வரை ஆண் அதனை விரட்டிச் சென்றது. பொழுது புலர்ந்ததும் ஆண் வந்து பெட்டையின் முதுகை அலகால் மெல்லச் சீண்டும். அது எழுந்ததும் இது அமரும். பிறகு பெட்டை திரும்பி வந்து, அதே முறையில் ஆணை எழுப்பித் தான் அமரும். எழும்போதும் அமரும்போதும் முட்டைக்கு ஊறு நேராதபடி அவை காட்டும் எச்சரிக்கையையும் மன்னர் குறிக்கத் தவறவில்லை. முதற்குஞ்சு 34 நாள்களில் வெளிவந்தது என்று கணக்கும் எழுதிவைத்தார். இன்றைய பறவையியலார் சொல்லும் கணக்கும் ஏறத்தாழ இதுவே.

குஞ்சுகளுக்கு இரையூட்டும் காட்சி இன்னும் சுவையானது. தாய் வெட்டுக்கிளியை அலகில் கொண்டுவந்து சில வேளை புறாவைப்போல் ஊட்டும்; சில வேளை கோழியைப்போல் முன்னே போட்டுத் தாமே பொறுக்க விடும். வெட்டுக்கிளி சிறியதானால் முழுமையாகவும், பெரியதானால் இரண்டு மூன்று துண்டாக்கியும் கொடுக்கும். நம் வீட்டில் தாய்மார் இறைச்சியைப் பிய்த்துக் குழந்தைக்குக் கொடுப்பதுபோல என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண் கொக்கு குஞ்சின் காலை அலகால் பற்றித் தலைகீழாகத் தூக்கியது. கொன்றுவிடுமோ என்று அஞ்சிய மன்னர் அதனைப் பிரித்துவைக்கச் சொன்னார். பின்னர் சோதித்துப் பார்ப்போம் என்று மீண்டும் அருகில் விட்டார். அது பகையால் அன்று, பாசத்தால் செய்தது என்று கண்டுகொண்டபின் ஒன்றாகவே இருக்க விட்டார். முதலில் ஐயம், பின்பு சோதனை, அதன் பின்னரே முடிவு. இதற்கு அறிவியல் என்பதைத் தவிர வேறு பெயர் ஏது?

ஆனால் ஜஹாங்கீரைப் பறவைநேயர் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது வரலாறு ஆகாது. இதே நாட்குறிப்பில், தம் 12ஆம் வயது தொடங்கி ஐம்பதாம் வயதுவரை தாமே வேட்டையாடிய உயிர்கள் 17,167 என்று எண்ணிச் சொல்கிறார். அவற்றுள் பறவைகள் மட்டும் 13,964. ஒருமுறை அவர் நீலமானைக் குறிபார்த்த வேளையில் குறுக்கே வந்து வேட்டையைக் கெடுத்த ஒரு குதிரைக்காரனைக் கொல்லச் சொன்னார். உடன் வந்த பல்லக்குத் தூக்கிகள் இருவரின் குதிகால் நரம்புகளை அறுக்கச் சொன்னார். கொக்கின் முட்டைக்காக மூச்சடக்கி நின்றவரும், மனிதனின் காலை அறுக்கச் சொன்னவரும் ஒருவரே. அவர் ஓர் உயிரியல் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்திருந்தால் தாமும் மகிழ்ந்து நல்லவராகவும் வாழ்ந்திருப்பார் என்ற கருத்துப்பட, நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பதிப்பித்த ஹென்றி பெவரிட்ஜ் எழுதினார். வேடிக்கையாகச் சொன்னாலும் பொருத்தமான சொல்தான். ஐம்பது வயதுக்குப் பின் தம் கையால் எவ்வுயிரையும் வருத்துவதில்லை என்று ஜஹாங்கீர் நேர்ந்துகொண்டதும், பேரன் ஷுஜா நோயுற்றபோது அந்த நேர்ச்சையை மேற்கொண்டதும் அந்நூலிலேயே உள்ளன.

இந்த நாட்குறிப்பை வரி வரியாகப் படித்து, முகலாய மன்னர்களின் இயற்கை ஆர்வத்தைப் பற்றி 1927–28இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடர்கட்டுரை எழுதியவர்தான் நம் இரண்டாமவர்: ஸாலிம் முயிஸுத்தீன் அப்துல் அலி. உலகம் அவரை ஸாலிம் அலி என்று அறியும்.

1896 நவம்பர் 12இல் பம்பாயில் ஒரு ஸுலைமானி போராக் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த யத்தீம். தாய்மாமன் அமீருத்தீன் தய்யப்ஜியும் பிள்ளைப்பேறில்லாத அவர் துணைவியார் ஹமீதா பேகமும் கேத்வாடியிலிருந்த தம் இல்லத்தில் அவரை வளர்த்தனர். மாமன் வேட்டைப் பிரியர். பையன் கையில் காற்றுத் துப்பாக்கி.

அவ்வீட்டுக் குதிரைலாயத்தின் சுவர்ப் பொந்து ஒன்றில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. பெட்டை உள்ளே அடைகாக்க, ஆண் வெளியே காவல் இருந்தது. வண்டியின் பின் ஒளிந்திருந்த சிறுவன் ஆணைச் சுட்டான். சிறிது நேரத்தில் பெட்டை வேறோர் ஆணை அழைத்து வந்தது. அதையும் சுட்டான். ஏழு நாள்களில் எட்டு ஆண்கள் வீழ்ந்தன. ஒவ்வொரு முறையும் புதிய காவலன் வந்து நின்றான். 1906–07 அளவில் நடந்த இதைப் பத்து வயதுப் பையன் குறிப்பேட்டில் எழுதிவைத்தான். பல பத்தாண்டுகள் கழித்து அக்குறிப்பு அச்சேறியது. படிக்கும் நமக்கு மனம் கசக்கிறது. ஆயினும், சுட்ட கணக்கை மட்டும் எழுதாமல் அந்தப் பெட்டை என்ன செய்தது என்பதையும் அவன் கவனித்தான் அல்லவா? வேட்டைக்காரனுக்குள்ளிருந்து காண்பவன் எட்டிப் பார்த்த இடம் அதுவே.

1908இல் அவன் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது உண்ணத் தகுந்ததுதானா என்ற மார்க்க ஐயத்தோடு மாமனிடம் கொண்டுபோனான். அவருக்கும் பறவை இன்னதென்று தெரியவில்லை. இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்டு பறவையின் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், பாடம்செய்து அடுக்கிவைத்த பறவைகளை ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து காட்டினார். ஹலாலா ஹராமா என்று அறியப்போன பிள்ளைக்கு ஒரு வாழ்க்கையின் வாசலே திறந்தது. ஸாலிம் அலி பிற்காலத்தில் மார்க்கச் சடங்குகளில் ஈடுபாடு குன்றியவராக இருந்ததைத் தாமே மறைத்ததில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை.

பர்மாவில் குடும்பச் சுரங்கத் தொழில், 1918இல் தெஹ்மினாவுடன் திருமணம், அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் பணி, பெர்லினில் அறிஞர் ஸ்ட்ரெஸெமானிடம் பயிற்சி — இவற்றை விரைந்து கடந்து 1930க்கு வருவோம். பெர்லினிலிருந்து திரும்பியவருக்குப் பம்பாயில் வேலை இல்லை. பணமின்மையால் அப்பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத 33 வயதுக்காரரை வேறு எவர் அழைப்பார்? கணவனும் மனைவியும் பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில், மனைவியின் குடும்பத்தார் வீட்டில் குடியேறினர். மழைக்காலம் தொடங்கியது. வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின.

தூக்கணாங்குருவி நமக்குப் புதியதன்று. பனையில் அது தொடுக்கும் கூட்டைச் சங்கப் புலவர்கள் அறிந்திருந்தார்கள். தூங்கணங்குரீஇ என்பது அவர்கள் இட்ட பெயர். அபுல் ஃபஸ்லும் 'ஆயினே அக்பரி'யில் இதன் அறிவையும் கூட்டின் நேர்த்தியையும் புகழ்ந்திருக்கிறார். களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்று நாட்டார் சொல்வர். புகழ்ந்தவர் பலர், ஆனால் ஒரு கூட்டின் முதல் முடிச்சு தொடங்கி இறுதிக் குஞ்சு பறக்கும்வரை, எந்தக் கூடு யாருடையது, எந்தப் பெட்டை எப்போது வந்தது என்று நாள்தோறும் குறித்தவர் இல்லை. வேலையில்லாதவருக்கு இருந்த ஒரே செல்வம் நேரம். அதை அவர் அக்குருவிகளுக்குக் கொடுத்தார்.

கண்டது இது. கூடு கட்டுவது ஆண் மட்டுமே. புல்லிலும் நெல் தாளிலும் ஓலையிலும் ஓரத்தைக் கடித்து, பறந்தவாறே நீளமாகக் கிழித்த நாரைக் கொண்டுவந்து முடிந்து பின்னுகிறது. கவிழ்த்த தலைக்கவசம் போல் பாதி வளர்ந்த நிலையில் வேலை நிற்கிறது. அப்போது பெட்டைகள் வருகின்றன. ஆண்கள் சிறகடித்து ஆரவாரிக்க, அவை ஒவ்வொரு கூட்டிலும் நுழைந்து சோதிக்கின்றன. பெட்டைக்கு மனம் ஒப்பினால்தான் ஆண் மேற்கொண்டு முட்டையறையும் நீண்ட குழல்வாயிலும் பின்னி முடிக்கிறது. முழுக்கூடு முடிய ஏறத்தாழ 18 நாள் ஆகும். ஒப்பாத கூடு அரைகுறையாகவே தொங்கும். மரத்தில் நாம் காணும் பாதிக் கூடுகளை ஆண் ஊஞ்சலாடக் கட்டியவை என்று முன்னையோர் நினைத்தார்கள். அவை பெரும்பாலும் பெண்பார்க்க வந்தவர் மறுத்துச் சென்ற வீடுகள்! பெட்டை முட்டையிட்டு அமர்ந்ததும், ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த துணையை எதிர்நோக்குகிறது. அடைகாப்பது பெட்டையின் பொறுப்பே. தானியம் தின்னும் இப்பறவை குஞ்சுக்கு மட்டும் புழுபூச்சிகளைக் கொண்டுவந்து ஊட்டுகிறது. ஜஹாங்கீரின் தோட்டத்தில் ஆண் கொக்கு முறைவைத்து அடைகாத்ததை நினைத்தால், அச்சமுதாயங்களுக்குள் ஒன்றின் இல்லறம் மற்றதன் இல்லறம் போன்றதன்று என்பது விளங்கும்.

1931இல் கழக இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. பட்டமில்லாதவரைப் பறவையியல் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்து ஹைதராபாத் சமஸ்தானப் பறவைகளின் கணக்கெடுப்பு. அதன்பின் 1933இல் திருவிதாங்கூர், கொச்சி. அந்தப் பயணங்களில் உடனிருந்த தெஹ்மினா 1939இல் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் காலமானார். பறவை அறியாத எளிய மக்களும் தம் வீட்டுக் கொல்லையில் வந்தமரும் குருவியின் பெயரைக் கண்டுகொள்ளும்படி ஸாலிம் அலி எழுதிய 'இந்தியப் பறவைகள்' நூல் 1941இல் வெளிவந்தபோது அவர் இல்லை. ஸாலிம் அலி 1987 ஜூன் 20 வரை வாழ்ந்தார்.

அந்தக் கேத்வாடிப் பெட்டையின் இனத்தார் நம் ஊர் ஓட்டுவீடுகளிலும் குடியிருந்தவர்களே. உத்திரத்தின் இடுக்கிலும், சுவரில் சாய்த்து மாட்டிய படச்சட்டத்தின் பின்னும் அவை கூடு கட்டும். அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் குஞ்சமாகக் கட்டி முற்றத்தில் தொங்கவிடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. கான்கிரீட் வீடுகளில் அந்த இடுக்குமில்லை, குஞ்சமுமில்லை. எங்கேனும் ஒரு பழைய வீட்டில் இன்றும் அவை வருகின்றன. வைக்கோலும் இறகும் உதிர்ந்து கூடம் குப்பையாகும்போது, பெருக்கும் பெண்கள் முணுமுணுப்பார்கள். குஞ்சு கத்தும் சத்தம் கேட்டால் மட்டும் துடைப்பம் உத்திரம்வரை போவதில்லை.