சைதாப்பேட்டையில் ஒரு நீராவிக் கலப்பை

எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு நாள் காலையில் பத்திரிகையை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. மடித்த பக்கத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு இருந்தது. இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் செய்ய இன்ன தேதி கடைசி என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, பல்கலைக்கழகம் புதிதாக வெளியிட்ட பயிர் ரகங்களைப் பற்றிச் சின்னதாக ஒரு செய்தி.

"பேத்தி இதற்குத்தான் போவேன் என்கிறாள், சார். மன்னார்குடிப் பக்கத்து நிலத்தை விற்றுவிட்டு நான் ராயப்பேட்டைக்கு வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. சேற்றை விட்டுக் காலை எடுக்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அது போகட்டும். உழுகிறவனுக்குக் காலேஜ் என்ன சொல்லிக் கொடுத்துவிட முடியும்? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

நான் ஏர் பிடித்தவனல்ல. ஆனால் அவர் கேட்ட கேள்வி புதிதல்ல என்பது மட்டும் எனக்குத் தெரியும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோயம்புத்தூர் என்று இன்று நாம் சொல்லும் அந்தக் கல்லூரி பிறந்தது கோயம்புத்தூரில் அல்ல. நம் வீட்டிலிருந்து மவுண்ட் ரோடைப் பிடித்து நேரே தெற்கே போனால் வருகிற சைதாப்பேட்டையில்.

சென்னைக் கவர்னராக 1861-இல் வந்த ஸர் வில்லியம் டெனிஸன் படிப்பால் ராணுவ இஞ்சினீயர். டாஸ்மேனியாவிலும் நியூ ஸவுத் வேல்ஸிலும் கவர்னராக இருந்துவிட்டு வந்தவர். இஞ்சினீயர் கண்ணுக்கு எந்தக் குறையும் இயந்திரம் இல்லாத குறையாகத்தானே தெரியும்? நம் குடியானவன் மரக்கலப்பையால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. நீராவிக் கலப்பைகள், விதைக்கும் கருவிகள், கதிரடிக்கும் இயந்திரங்கள், தூற்றும் இயந்திரங்கள், நீர் இறைக்கும் சாதனங்கள் எல்லாம் வேண்டும் என்று சீமைக்கு எழுதினார். வந்து சேர்ந்தன. அவற்றை ஓட்டிப் பார்க்க 1865-இல் சைதாப்பேட்டையில் 350 ஏக்கர் பண்ணை ஒன்று ஏற்பட்டது.

நீராவிக் கலப்பை என்பதை நாம் யாரும் பார்த்திருக்க மாட்டோம். ரயில் எஞ்சினைப் போன்ற ஒன்று வயலின் ஓரத்தில் புகை கக்கிக்கொண்டு நிற்கும். கம்பி வடத்தால் கலப்பையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுக்கும். இங்கிலாந்தின் அகண்ட வயல்களுக்கு அது சரி. வரப்புக்கு வரப்பு இருபது அடி, முப்பது அடி என்று கட்டம் கட்டமாகக் கிடக்கிற நம் நஞ்செய்யில் அந்த எஞ்சினை எங்கே நிறுத்துவது, வடத்தை எதன் குறுக்கே இழுப்பது? விறகுக்கும் கரிக்கும் எவன் கொடுப்பான்? போதாக்குறைக்குப் பண்ணைக்குக் கிடைத்த மண்ணும் வளமில்லாத மணற்பாங்கு. அந்தப் பண்ணையிலிருந்து நீராவிக் கலப்பை எந்தக் குடியானவன் வயலுக்கும் போய்ச் சேரவில்லை.

ஆனாலும் பண்ணையை ஒட்டிப் படிப்பு வளர்ந்தது. பல்கலைக்கழகத்தார் தங்கள் வம்சாவளியை 1868-இல் சைதாப்பேட்டையில் தோன்றிய விவசாயப் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஒழுங்கான பாடத்திட்டத்தோடு வகுப்புகள் நடக்கத் தொடங்கியது 1876-இல். பண்ணையின் தலைவராக இருந்த ராபர்ட்ஸன் துரையே பள்ளிக்கும் தலைவர்.

1876! அந்த வருஷத்தைப் படிக்கும்போது எனக்கு ஒரு கணம் மேலே போக மனம் வருவதில்லை. தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு அது. மழை பொய்த்தது. நெல் விலை ஏறியது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். 1877 ஜனவரியில் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அந்த ஒரு ராத்தலைத் தின்று மண் சுமக்கிறவன் உயிரோடு இருக்க முடியாது என்று வாதாடினார் சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ். கூலி சிறிது ஏறுவதற்குள் செத்தவர்கள் செத்துப்போனார்கள். மாகாணத்தில் மாண்டவர்கள் பல லட்சம்.

அந்தப் பஞ்சத்தின் சாட்சி இன்றும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மயிலாப்பூரையும் திருவல்லிக்கேணியையும் ஒட்டி ஓடுகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கும் அந்தத் துண்டு 1877, 78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். அப்போதைய கவர்னரின் பெயர் அதற்கு ஏற்பட்டது. வெட்டியவர்களுக்கு ஏது பெயர்? கால்வாயைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம். அதன் கரையில் ஒரு நிமிஷம் நிற்கத்தான் வேண்டும்.

ஒரு பக்கம் பட்டினியால் இற்று விழுகிறவர்கள் கால்வாய் வெட்டுகிறார்கள். அதே நகரத்தின் ஓரத்தில் சில இளைஞர்கள் சீமைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மேனாட்டு விவசாயம் படிக்கிறார்கள். இந்தக் காட்சியில் யாரையும் வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. படிக்க வந்த பிள்ளைகளும் பிழைப்புக்காக வந்தவர்கள்தாம். ஆனால் பள்ளிக்கும் வயலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

பஞ்சக் கமிஷன் 1880-இல் அறிக்கை கொடுத்து, மாகாணம்தோறும் விவசாய இலாகா வேண்டும் என்றது. இலாகாக்கள் ஏற்பட்டன. அப்புறம் 1889-இல் இங்கிலாந்திலிருந்து வோல்கர் என்ற ரசாயன நிபுணரை அனுப்பினார்கள், இந்திய விவசாயத்தைத் திருத்துவது எப்படி என்று பார்த்து வரச் சொல்லி. அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். திருத்த வந்தவர், முதலில் பார்க்க ஆரம்பித்தார். ஊர் ஊராகச் சுற்றினார். 1893-இல் வெளிவந்த அவர் அறிக்கையின் சாரம் இதுதான்: இந்தியக் குடியானவன் பொதுவாக இங்கிலாந்துக் குடியானவனுக்குக் குறைந்தவன் அல்ல, சில விஷயங்களில் மேலானவன்கூட, அவனுக்குக் குறைவது அறிவல்ல, தண்ணீரும் எருவும் வசதியும். மரக்கலப்பைக்கும் அவர் நியாயம் சொன்னார். மெலிந்த மாடு இழுக்கக்கூடியது அது. கிராமத்துத் தச்சன் செய்யக்கூடியது. தோளில் வைத்து வயலுக்குக் கொண்டுபோகக்கூடியது. ஆழ உழுவது எல்லா மண்ணுக்கும் நல்லதென்று யார் சொன்னது, ஈரம் போய்விடாதா என்று கேட்டார்.

நம் பெரியவரின் கேள்வியை ஒரு வெள்ளைக்காரரே அறிக்கையில் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சைதாப்பேட்டைக் கல்லூரி 1906-இல் கோயம்புத்தூருக்குப் போயிற்று. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குக் கதை. கல்லூரியோடு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்தது. 1912-இல் நெல்லுக்கு ஒரு நிலையம், கரும்புக்கு அருகிலேயே தனியாக ஒரு நிலையம். அங்கே போனவர்கள் புதுக் கலப்பை கொண்டுவரவில்லை. குடியானவன் காலங்காலமாகப் போட்டுவந்த நெல்லையே வாங்கி, ஒவ்வொரு ரகமாக, ஒவ்வொரு செடியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். பார்னெல் என்ற தாவரவியலாரும் அவரோடு வேலை செய்த கே. ராமையாவும் அந்தக் காலத்து நெல் ஆராய்ச்சியின் பெரிய பெயர்கள். கோனமணி என்ற ரகம் விளைந்த வயலில் தானாகவே மாறிப் பிறந்த ஒரு செடி கண்ணில் பட்டது. சன்னமான அரிசி. அதைத் தனியே எடுத்து, விதைத்து, மறுபடி எடுத்து, மறுபடி விதைத்து, 1921-இல் ஜி.ஈ.பி. 24 என்று வெளியிட்டார்கள். சர்க்கார் தாவரவியலாரின் உத்தியோகப் பெயரின் முதலெழுத்துக்கள்! சர்க்கார் பெயர் வைத்தால் அப்படித்தான் இருக்கும். நல்ல வேளையாக ஜனங்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்றே அழைத்தார்கள்.

வயலில் ஒரு கதிர் மாறியிருப்பதைக் கண்டுகொள்ளும் கண் நம் பாட்டன்மாருக்கும் இருந்தது. இல்லாவிட்டால் நாட்டில் அத்தனை நெல் ரகங்கள் ஏது? கல்லூரி அதோடு சேர்த்தது ஒரு நோட்டுப் புத்தகத்தை. எந்தச் செடி, எந்தப் பாத்தி, எந்த வருஷம், என்ன விளைச்சல் என்று சலிக்காமல் எழுதிவைத்தார்கள். நீராவிக் கலப்பையால் ஆகாதது இதனால் ஆயிற்று.

கரும்பிலும் இதே கதை. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உயர்ந்த ஜாதிக் கரும்பைக் கொண்டுபோய் யாரும் சீந்தாத காட்டு நாணலோடு கலந்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 பஞ்சாபில் விளைந்தது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். அந்தக் கரும்பு நிலையத்துக்கு 1934-இல் வேலைக்குப் போன ஜானகி அம்மாள், நம் கடற்கரையில் இருக்கும் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். உலகத்துப் பயிர்களின் குரோமோசோம் கணக்கை டார்லிங்டனோடு சேர்ந்து 1945-இல் புத்தகமாகப் போட்டவர். பேத்தியைப் பற்றிக் கவலைப்படும் தாத்தாக்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

இவ்வளவையும் பெரியவரிடம் சொன்னேன். அவர் லேசில் மசிகிறவர் அல்ல.

"கிச்சிலிச் சம்பா சரி, சார். எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு அதுதான். அதையெல்லாம் ஒழித்துவிட்டு ஐ.ஆர். எட்டு, ஐ.ஆர். இருபது என்று கொண்டுவந்து தள்ளியது யார்? இந்தப் படித்தவர்கள்தானே? உரமும் பூச்சிமருந்தும் கடனும் அதோடுதானே வந்தன?"

வாஸ்தவம். அதை நான் மறுக்கவில்லை. விளைச்சல் பெருகிற்று, அரிசிக்காகக் கப்பலை எதிர்பார்த்த காலம் போயிற்று, கூடவே எத்தனையோ ரகங்களும் போயின. இரண்டும் உண்மை. 1943 வங்கப் பஞ்சத்தைப் பார்த்து மனம் மாறிக் கோயம்புத்தூரில் விவசாயம் படித்த எம்.எஸ். சுவாமிநாதனே, பின்னாளில் சென்னைத் தரமணியில் நிலையம் அமைத்துப் பழைய விதைகளைக் காப்பதைப் பற்றிப் பேசினார். ஆனால் ஒரு விஷயம் பெரியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நம் திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூர்க்குப்பம் நிலையத்தில் ஜி.ஈ.பி. 24-ஐ வேறொரு கோயம்புத்தூர் நெல்லோடு கலந்து டி.கே.எம். 6 என்று ஒன்று எடுத்தார்கள். அதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோய்க் கலந்து பிறந்ததுதான் ஐ.ஆர். 20.

"அதாவது, கிச்சிலிச் சம்பாவுக்கு அது பேத்தி முறை" என்றேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு, "பேத்தியா?" என்றார். நான் தலையசைத்தேன்.

ஜாம்பஜார் அரிசிக்கடையில் இன்று கிச்சிலிச் சம்பாவைப் பாரம்பரிய அரிசி என்று எழுதித் தனிப் பையில் விற்கிறார்கள். பக்கத்திலேயே பொன்னி மூட்டை. அதுவும் கோயம்புத்தூருக்குத் தூரத்து உறவுதான். ஜப்பான் நெல்லையும் இந்திய நெல்லையும் கலக்கச் சர்வதேச அளவில் ஒரு திட்டம் நடந்தது. அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் நான் சொன்ன அதே ராமையா. அந்தத் திட்டத்தில் மலேயாவில் பிறந்த மசூரிதான் இங்கே பொன்னியாயிற்று. 1986-இல் கோயம்புத்தூர் அதைத் திருத்தி மேம்பட்ட வெள்ளைப் பொன்னி என்று வெளியிட்டது. நாம் தினமும் வடித்துச் சாப்பிடுகிற சோற்றுக்கு இத்தனை பிரயாணம்.

"எல்லாம் சரி" என்று எழுந்தார் பெரியவர். "ஐ.ஆர். இருபது சோறு ராத்திரிக்கு விறைத்துப் போகும், சார். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்."

படி இறங்கினவர் திரும்பி வந்து, மேஜைமேல் விட்டுப்போன பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனார். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி அதில்தான் இருந்தது.