நட்டு கழன்றும் சக்கரம் கழலவில்லையா? பண்ணை வாகனங்களில் பாதுகாப்பாகக் கழற்றும் முறைகள்

விடியற்காலையில் காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் புறப்படும் நேரத்தில் டயர் பஞ்சராகிவிடுகிறது. ஜாக்கி வைத்து, எல்லா நட்டுகளையும் கழற்றிய பிறகும் சக்கரம் அசைய மறுக்கிறது. சரக்கு வாடுகிறதே என்ற அவசரத்தில் சிலர் வண்டிக்கு அடியில் படுத்து, உட்புறமிருந்து சக்கரத்தை உதைக்கிறார்கள். அந்த அதிர்வில் ஜாக்கி சரிந்தால் வண்டியின் எடை முழுவதும் அடியில் இருப்பவர் மீது இறங்கும். ஒட்டிக்கொண்ட சக்கரத்தை வண்டிக்கு அடியில் போகாமலேயே கழற்றலாம். கார், ஜீப், சிறிய சரக்கு வாகனம் வைத்திருக்கும் விவசாயிகள் கீழ்க்கண்ட முறைகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

சக்கரம் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

ஹப்பின் நடுவில் மேடாக உள்ள வளையத்தில் சக்கரத்தின் நடுத்துளை இறுக்கமாகப் பொருந்துகிறது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளிதான் இருக்கும். அதில் ஈரம் புகுந்தால் துரு பிடிக்கும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். இதனால் சக்கரமும் ஹப்பும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. அலாய் சக்கரத்தில் அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருப்பதால் அரிப்பு ஏற்பட்டு, வெள்ளைப் பொடி படிந்து இறுகிவிடும்.

பண்ணை வாகனங்களில் இந்தச் சிக்கல் அதிகம். வயல் சேறு ரிம்மின் உட்புறம் அப்பிக்கொண்டு ஈரத்தைத் தக்கவைக்கிறது. பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு. மூட்டையிலிருந்து சிந்தும் உரத்தூள் ஈரத்தில் கரைந்து துருவை விரைவுபடுத்தும். நாகப்பட்டினம், இராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோர மாவட்டங்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது.

தூக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. வண்டியைச் சமமான, கெட்டியான தரையில் நிறுத்தவும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வைக்கவும்.
2. ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விடவும். கழற்றும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை கொடுக்கவும்.
3. வண்டியில் உள்ள ஆட்களையும் சரக்கையும் இறக்கவும்.
4. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தவும். சில பழைய ஜீப்புகளில் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். போல்ட் முனையில் ஆங்கில 'எல்' எழுத்து இருக்கிறதா என்று பார்க்கவும்.
5. தயாரிப்பாளர் காட்டியுள்ள இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கவும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. ஸ்டாண்டு கொடுக்கவும். ஸ்டாண்டு இல்லையென்றால் ஸ்டெப்னி சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கவைக்கவும். ஸ்டெப்னி மட்டும் இருக்கும்போது கீழே சொல்லும் தட்டும் முறை வேண்டாம்.

கழற்றும் முறைகள்

கீழே உள்ளவற்றை இதே வரிசையில் முயலவும். ஒன்று பலிக்காவிட்டால் மட்டும் அடுத்ததற்குப் போகவும்.

முதலில் நட்டுகளை எண்ணிப் பாருங்கள்: மூடிக்கு அடியில் ஒரு நட்டு மறைந்திருக்கலாம். திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டு நட்டு இருந்தால் அதற்குரிய சாவி வேண்டும்.

துரு இளக்கும் எண்ணெய்: நடுத்துளையைச் சுற்றியும் போல்ட் அடிப்பகுதியிலும் சிறிதளவு தெளித்து 15 முதல் 20 நிமிடம் காத்திருக்கவும். பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ எண்ணெய் படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. எனவே பீய்ச்சி அடிக்காமல் சொட்டுச் சொட்டாக விடவும்.

டயரில் தட்டுதல்: ஸ்டாண்டு கொடுத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். சக்கரம் திடீரென்று விழாமலிருக்க இரண்டு நட்டுகளைச் சில சுற்று மட்டும் மாட்டிவைக்கவும். வெளிப்புறம் நின்றபடி ரப்பர் சுத்தியலாலோ, மரக்கட்டை வைத்தோ டயரின் பக்கவாட்டில் இடம், வலம், மேல், கீழ் என மாற்றி மாற்றித் தட்டவும். ஒரே இடத்தில் ஓங்கி அடிப்பதைவிட இப்படி மாற்றித் தட்டினால் துரு விரைவில் விடும்.

வண்டியின் எடையைப் பயன்படுத்துதல்: எல்லா நட்டுகளையும் கையால் முழுவதும் மாட்டி, பிறகு ஒரு சுற்று மட்டும் தளர்த்தவும். ஸ்டாண்டை எடுத்துவிட்டு ஜாக்கியை மெல்ல இறக்கவும். எடை சக்கரத்தில் இறங்கும்போது 'டக்' என்ற சத்தத்துடன் பிடி விடுவதுண்டு. அப்போதும் விடாவிட்டால் ஜாக்கியையும் கட்டைகளையும் அகற்றி, ஒரு மீட்டர் தூரம் மட்டும் மிக மெதுவாக முன்னே நகர்த்தி மென்மையாகப் பிரேக் பிடிக்கவும். பிறகு அதேபோல் பின்னே நகர்த்தவும். பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. போல்ட்டுக்குச் சுமை தரும் முறை என்பதால் இதைக் கடைசியாகவே முயல வேண்டும். சாலையில் செய்யவே கூடாது. சத்தம் கேட்டதும் நிறுத்தி, கட்டை கொடுத்து, மீண்டும் ஜாக்கி வைத்துக் கழற்றவும்.

செய்யக்கூடாதவை

• டயர் மாட்டிய ரிம்மை கேஸ் வைத்துச் சூடாக்குவதோ, அதில் வெல்டிங் வைப்பதோ கூடாது. காற்று இறங்கிய டயரும் உள்ளே வாயு உருவாகி வெடிக்கும். உயிரிழப்பு நேரக்கூடிய தவறு இது.
• ரிம்மையும் டிஸ்க்கையும் இரும்புச் சுத்தியலால் அடிக்க வேண்டாம். ரிம் நெளியும், அலாய் விரிசல் விடும்.
• தலை, கை, கால் எதையும் வண்டிக்கு அடியில் நீட்ட வேண்டாம்.
• தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் போராட வேண்டாம். 1033 என்ற உதவி எண்ணை அழைக்கவும்.

டிராக்டர் என்றால்

டிராக்டரின் பின்சக்கரத்தை மேற்கண்ட முறைகளில் கழற்ற முயல வேண்டாம். டயரில் நீர் நிரப்பியிருந்தால் அதுவே 100 கிலோவுக்கு மேல் இருக்கும். இரும்பு எடைகளும் ரிம்மும் இதில் சேரும். சாய்ந்தால் ஒருவரால் தாங்க முடியாது. முன் அச்சு நடுவில் ஊசலாடும் அமைப்பு உடையது. ஆகவே பின்பக்கத்தைத் தூக்கும் முன் முன் அச்சின் இருபுறமும் மர ஆப்பு அடிக்காவிட்டால் டிராக்டர் பக்கவாட்டில் கவிழலாம். தகுந்த கருவிகள் உள்ள பட்டறையில் கொடுப்பதே நல்லது.

மீண்டும் மாட்டும்போது

ஹப்பின் முகப்பையும் சக்கரத்தின் உட்புறத்தையும் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்க்கவும். துருத்தூள் நடுவில் மாட்டிக்கொண்டால் சக்கரம் சரியாக உட்காராது, நட்டுகள் ஓட்டத்தில் தளரும். நடு வளையத்தில் மட்டும் விரல் நுனியால் மெல்லிய கிரீஸ் பூச்சு போதும். போல்ட் மரையிலும் நட்டு அமரும் இடத்திலும் கிரீஸ் தடவக்கூடாது. தடவினால் முறுக்கு அளவு தவறி, போல்ட் இழுபட்டுவிடும்.

நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வடிவில் முடுக்கவும். எவ்வளவு முறுக்கு என்பதை வாகனக் கையேட்டில் பார்க்கவும். சிறிய கார்களில் இது பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மீண்டும் சரிபார்க்கவும்.

வராமல் தடுக்க

உரம் ஏற்றிய அன்றே சக்கரத்தின் உட்புறத்தையும் நல்ல நீரால் கழுவவும். சேற்றில் இறங்கிய வண்டியைச் சேறு காய்வதற்குள் கழுவவும். சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போது ஹப்பைத் தேய்த்துக் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறையும், மழைக்காலம் முடிந்து ஒருமுறையும் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்து மாட்டவும். அப்போது ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.