போர்ட்லாந்து நகரின் சிறு பீர் ஆலைகளும் 1985ஆம் ஆண்டுச் சட்டமும்

முன்னுரை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து, சிறு பீர் ஆலைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்குள்ள பல மதுக்கூடங்களில் பீர் காய்ச்சும் கலங்களும் நொதிகலன்களும் அருந்துவோரின் கண்ணெதிரிலேயே நிற்கின்றன. இந்நிலையை நகரத்தாரின் தனித்த ரசனைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ரசனை முன்னும் ஆலை பின்னும் தோன்றின என்பது அவ்விளக்கத்தின் உட்கிடை. ஆனால் காலவரிசை வேறு செய்தியைத் தருகிறது. பீர் காய்ச்சுபவர் அதைத் தம் கூடத்திலேயே விற்கலாம் என அனுமதித்த சட்டம் முதலில் வந்தது. இன்று நகரின் அடையாளமாகக் கருதப்படும் சுவைகளுள் பல அதன் பின்னரே உருப்பெற்றன.

மதுவிலக்கின் எச்சம்

ஓரிகனில் மதுவிலக்கு 1916இலேயே நடைமுறைக்கு வந்தது. நாடு தழுவிய மதுவிலக்கு 1920இல்தான் தொடங்கியது. அதற்கு முற்பட்ட காலத்தில் பெரிய ஆலைகள் மதுக்கூடங்களைத் தம் பிடிக்குள் வைத்துக்கொண்டு குடியைப் பெருக்கின என்ற குற்றச்சாட்டு வலுவாக இருந்தது. எனவே 1933இல் விலக்கு நீங்கியபோது உற்பத்தியாளர், மொத்த விநியோகஸ்தர், சில்லறை விற்பனையாளர் ஆகிய மூவரும் ஒருவர் தொழிலில் மற்றவர் நுழையாதவாறு சட்டங்கள் இயற்றப்பட்டன. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் பேராலைகளைக் கட்டுப்படுத்த எழுந்த அவ்வேலி, பேராலைகளுக்கே அரணாயிற்று. விநியோகஸ்தரின் வழியே மட்டும் விற்க வேண்டுமெனில் பேரளவு உற்பத்தி வேண்டும். புட்டியில் அடைக்கும் இயந்திரமும் நெடுநாள் கெடாத சரக்கும் வேண்டும். 1970களின் இறுதியில் போர்ட்லாந்தில் எஞ்சியிருந்தது, ஹென்றி வைன்ஹார்டின் 19ஆம் நூற்றாண்டு ஆலையின் வழிவந்த பிளிட்ஸ்-வைன்ஹார்ட் ஒன்றே.

இத்தடையின் கடுமையை 1980இல் சார்லஸ் கூரி தொடங்கிய கார்ட்ரைட் ஆலை உணர்த்துகிறது. கூரி திராட்சை மது தயாரிப்பில் தேர்ந்தவர். எனினும் அவரது பீர் புட்டிக்குப் புட்டி தரம் மாறியது. ஆலை ஏறத்தாழ ஈராண்டுகளில் மூடப்பட்டது. தோல்விக்குக் காய்ச்சியவரின் பிழையை மட்டும் காரணமாக்குவது முழுமையாகாது. தம் கூடத்தில் ஊற்றிக்கொடுத்து, குடிப்பவரின் முகக்குறிப்பைக் கண்டு மறுநாளே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

1985

அண்டை மாநிலங்கள் முந்திக்கொண்டன. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் பெர்ட் கிராண்ட் 1982இல் காய்ச்சும் மதுக்கூடத்தைத் திறந்தார். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவிலும் அத்தகைய கூடம் தோன்றியது. போர்ட்லாந்தில் 1984இல் ஆலை தொடங்கிய பான்சி தம்பதியரும் விட்மர் சகோதரர்களும், மக்மெனமின் சகோதரர்கள் முதலானோரும் சட்டத் திருத்தத்தை வேண்டினர். 1985இல் சட்டமன்றம் அதை நிறைவேற்ற, ஆளுநர் விக்டர் அட்டியே கையொப்பமிட்டார். அவ்வாண்டே மக்மெனமின் சகோதரர்கள் ஹில்ஸ்டேல் பகுதியில் மாநிலத்தின் முதல் காய்ச்சும் மதுக்கூடத்தைத் தொடங்கினர். பழங்களையும், ஒருமுறை மார்ஸ் சாக்லேட்டையும்கூட அவர்கள் கலத்திலிட்டனர். எந்த விநியோகஸ்தரும் ஏற்கத் தயங்கும் சரக்கு அது. விநியோகஸ்தரே இல்லாததால் அச்சோதனை சாத்தியமாயிற்று.

1986இல் உருவான விட்மரின் கோதுமை பீர் இதனினும் நுட்பமான சான்று. டப்ளின் பப் என்னும் மதுக்கூடத்தின் உரிமையாளர் மூன்றாவதாக ஒரு பீர் கேட்டார். ஆலையில் நொதிகலன்கள் இரண்டே. எனவே ஏற்கெனவே இருந்த கோதுமை பீரில் ஒரு பகுதியை வடிகட்டாமல் கலங்கலாகவே அனுப்பினர். அதற்கு இட்ட ‘ஹெஃபவைட்சன்’ என்ற பெயர் ஜெர்மானியம், பொருள் அதுவன்று. பவேரிய ஈஸ்ட் தரும் வாழைப்பழ, கிராம்பு மணம் இதில் இல்லை. ‘அமெரிக்க ஹெஃபவைட்சன்’ எனப் பின்னர் வகைப்படுத்தப்பட்ட இதன் பிறப்பிற்குக் கலன் பற்றாக்குறையும் ஒரு மதுக்கூடக்காரரின் நச்சரிப்புமே காரணம் எனலாம்.

நீரும் ஹாப்ஸும்

மண் எதுவும் தரவில்லை என்பதற்கில்லை. புல் ரன் நீர்ப்பிடிப்பிலிருந்து 1895 முதல் நகருக்கு வரும் நீர் மிக மென்மையானது. தெற்கே கார்வாலிஸில் நடுவண் வேளாண் துறையின் இனப்பெருக்கத் திட்டத்தில் உருவாகி 1972இல் வெளியிடப்பட்ட ‘கேஸ்கேட்’ என்னும் ஹாப்ஸ் வகை, எலுமிச்சை இன மணத்தைப் பீருக்குத் தந்தது. ஆனால் கேஸ்கேடைப் புகழ்பெறச் செய்தவை கலிபோர்னிய ஆலைகள்: 1975இல் ஆங்கரும், சற்றுப் பின் சியரா நெவாடாவும். அருகில் விளைவது மட்டுமே ஒன்றை உள்ளூர்ச் சுவையாக்கிவிடுவதில்லை.

உடைமை

பான்சியரின் பிரிட்ஜ்போர்ட் 1995இல் டெக்சாஸ் நிறுவனத்திடம் விற்கப்பட்டு, 2019இல் மூடப்பட்டது. விட்மர் 2008இல் சியாட்டில் பகுதியின் ரெட்ஹூக்குடன் இணைந்தது. அக்கூட்டு நிறுவனம் 2020இல் ஆன்ஹைசர்-புஷ்ஷிடம் முழுமையாகச் சென்றது. இவ்விரண்டும் பிற மாநிலச் சந்தைகளை நோக்கி, விநியோகஸ்தர் வழியே வளர்ந்தவை. கூடம் கூடமாகப் பெருகிய மக்மெனமின் நிறுவனமோ குடும்பத்தாரிடமே உள்ளது. மூன்று நிறுவனங்களைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் இயலாது. எனினும், 1985ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த வழியிலேயே பெரிதும் நின்று வளர்ந்தது அம்மூன்றனுள் மக்மெனமின் மட்டுமே.