மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டினும் மென்பொருளில் ஓடும் வெசலும்

யாழ்ப்பாணம் வருகிற வெளியூர்க்காரர் கோட்டையையும் நூலகத்தையும் படம் எடுத்த பிறகு, மூன்றாவதாகப் படம் எடுப்பது பெரும்பாலும் ஒரு காரைத்தான். உருண்ட மூக்கு, வீங்கிய மட்கார்ட், கனத்த கதவு. ஒஸ்டின் ஏ40. “அழகான பழைய கார்” என்று பதிவு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது ஏன் இங்கே இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்தது என்று யாரும் கேட்பதில்லை. நான் வரலாறு படிப்பிக்கிற ஆள், கேட்காமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைக்குத்தான் உருக்கு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் லோங்பிரிட்ஜில் இருந்த ஒஸ்டின் கொம்பனி 1947இல் ஏ40 டெவனை வெளியே விட்டது இந்தச் சூழலில்தான். பெயரில் உள்ள 40, எஞ்சினின் குதிரைவலு. 1200 சிசி, நான்கு சிலிண்டர். 1952இல் அதன் இடத்துக்கு சோமசெட் வந்தது, 1954 வரை ஓடியது. இரண்டும் சேர்ந்து நான்கு இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அதில் ஒரு பங்கு இலங்கைக்கும் வந்தது. கூடவே மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், பிறகு ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்.

பழைய கார் ஒன்றைக் கண்டால் இலக்கத் தகட்டைப் பாருங்கள். ஆங்கில எழுத்து இருந்தால், 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வருவதற்கு முன் பதிவான வண்டி அது. அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி போராட்டமே நடத்தியது. ஒரு தகரத் துண்டில் இவ்வளவு வரலாறு கிடக்கிறது.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்ததும் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் இன்னும் மோசம். புதுக் கார் வராது என்றால் பழைய காரைத் திருத்தித்தான் ஆக வேண்டும். எங்கள் கராஜ்காரர்களின் கை பழகியது இந்த இருபது வருடத்தில்தான் என்று நினைக்கிறேன். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட, ஜப்பான் கார்கள் வந்து இறங்கின. கொழும்பு தன் ஒஸ்டின்களை மெல்ல மறந்தது. யாழ்ப்பாணத்துக்கு அந்த அவகாசம் அதிக நாள் கிடைக்கவில்லை.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. பெற்றோல், டீசல் தடை செய்யப்பட்ட பொருட்கள். மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. ஊர் முழுக்கச் சைக்கிளுக்கு மாறியது. ஆனால் பிரசவ வலி எடுத்தவரையும், ஷெல் பட்டவரையும், நெஞ்சு நோவென்று சாய்ந்த முதியவரையும் எல்லா நேரமும் சைக்கிள் கரியரில் வைத்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. உடுவிலில் இருந்தோ சுன்னாகத்தில் இருந்தோ போவதென்றால் கார் வேண்டும். காருக்குக் குடிக்கக் கொடுக்க இருந்தது மண்ணெண்ணெய்.

இங்கேதான் ஏ40 தன்னைக் காட்டியது. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி இலேசாக ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் திரவமாகவே போய் விழும், பற்றாது. ஆகவே முதலில் ஒரு சிறு போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதென்றால் யோசிக்க வேண்டும். எஞ்சின் ஆறிவிட்டால் மறுபடி பெற்றோல் சொட்டு வேண்டும். சிலர் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியை இறக்கும்போதுகூட எஞ்சினை நிறுத்தவில்லையாம், பழைய ஓட்டுநர்கள் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

இது யாழ்ப்பாணம் மட்டும் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. 1940களின் கடைசியில் பிரித்தானிய விவசாயிகளிடம் இருந்த ஃபேர்கசன் ட்ரக்டரில் ஒரு வகை இப்படித்தான் ஓடியது: பெற்றோலில் ஸ்டார்ட், சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருள். வித்தியாசம், அந்த ட்ரக்டரை அதற்கென்றே செய்தார்கள். ஒஸ்டினை யாரும் அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் அது தாங்கியது. காரணம், அதன் அழுத்த விகிதம் குறைவு, ஏழுக்குச் சற்று மேல். இன்றைய எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் போனால் நேரம் தப்பி வெடித்து பிஸ்டனைத் தட்டும். ஒஸ்டின் இருமிக்கொண்டே ஓடும். எரிபொருள் பம்பும் எஞ்சினின் சுழற்சியில் இயங்குகிற சாதாரணப் பம்ப். பற்றரி சோர்ந்து போனால் முன்னால் இரும்பு ஹான்டிலைப் போட்டுச் சுற்றலாம். புதுப் பற்றரி வாங்க முடியாத ஊரில் அந்த ஹான்டில் எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக ஏ40 குறையே இல்லாத கார் என்று கதை விடக்கூடாது. வைத்திருந்தவர்களிடம் கேட்டால் முறைப்பாட்டுப் பட்டியல் நீளும். எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாக வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும், அளவு பார்க்கிற கம்பியை இழுத்தால் மட்டம் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும்! மாற்ற ஒயிலுக்கு எங்கே போவது? பிளக்கில் கரி பிடிக்கும், கழற்றித் தேய்க்க வேண்டும். வால்வில் கரி ஏறும், தலையைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். பின்னால் வருகிற சைக்கிள்காரருக்குக் கண் எரியும். அந்தப் புகை மணத்தைத்தான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘கார் மணம்’ என்று நினைத்து வளர்ந்தார்கள்.

மண்ணெண்ணெயோடு சம்பந்தப்படாத பிறவிக் குறைகளும் இருந்தன. டெவனின் பிரேக் பாதி ஹைட்ரோலிக், பாதி கம்பி. சோமசெட்டில்தான் அது முழு ஹைட்ரோலிக் ஆனது. சோமசெட்டின் கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும். அந்த இணைப்புகள் தேய்ந்தால், எந்தக் கியரில் கிடக்கிறது என்று ஓட்டுநர் ஊகிக்க வேண்டும். முன் சில்லின் கிங்பின்னுக்கு கிறீஸ் போடாமல் விட்டால் ஸ்டியரிங் ஆடும். 40 குதிரைவலுவோடு கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்கியிருக்கும். எங்கள் குடாநாட்டில் ஏற்றமே இல்லாததால் அந்தப் பரீட்சையில் இருந்து தப்பித்துக்கொண்டது.

இந்தக் குறை ஒவ்வொன்றையும் ஊருக்குள்ளேயே ஒருவர் திறந்து பார்த்து, கையால் தொட்டு, கடைசல் பட்டறையில் ஒரு துண்டு இரும்பைக் கடைந்து சரிசெய்யலாம். தனி சேஸி மேல் உடல் வைத்துப் பூட்டிய வண்டி, தகரம் கறல் பிடித்தாலும் எலும்பு நிற்கும். பழுதாகாத கார் என்பதால் நிலைத்ததில்லை இது. பழுதைப் பட்டறைக்காரருக்கு மறைக்கத் தெரியாத கார், அதனால் நிலைத்தது.

அந்தத் திருத்தும் உலகமும் காயப்படாமல் இருக்கவில்லை. யாழ்ப்பாண முஸ்லிம்களில் கணிசமானோர் இரும்பு, ஹாட்வெயார் வியாபாரத்திலும் லொறிப் போக்குவரத்திலும் இருந்தவர்கள். 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் அவர்கள் வெளியேற்றப்பட்டபோது வீடு, கடை எல்லாம் அப்படியே கிடந்தன. தடைக் காலத்தின் தொடக்கத்திலேயே, ஆணிக்கும் போல்ட்டுக்கும் ஊர் ஓடிப்போகிற கடைகளில் பல இல்லாமல் போயின. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தது. உடுவிலும் அதில் அடக்கம். அந்த இரவு செம்மணி வீதியிலும் நாவற்குழிப் பாலத்திலும் நகர்ந்த சனத்துக்கு நடுவே, இந்தக் கார்கள் ஊர்ந்து போனதாகப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உள்ளே நடக்க முடியாதவர்கள், மேலே மூட்டைகள். மழை வேறு. இரண்டு திகதியும் ஒன்றாக விழுந்ததை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சத்தம் போடாமல் இருப்பார்கள்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் மறுபடி மூடியது. 2009க்குப் பிறகு நிரந்தரமாகத் திறந்ததும் லீசிங் கொம்பனிகள் வந்தன, ஜப்பான் வண்டிகள் வந்தன. ஒஸ்டின் கலியாண வீட்டுக்கும் சுற்றுலாப் பயணிக்கும் ஒதுங்கியது.

ஒஸ்டின் ஒருகாலத்தில் நின்ற இடத்தில் இப்போது நிற்பது எது என்று கேட்டால், நான் ஹொண்டா வெசலைத்தான் காட்டுவேன். வெளிநாட்டில் இருந்து காசு வருகிற வீட்டு வாசலிலும், டொக்டர் வீட்டு வாசலிலும் அதுதான். (எங்களைப் போன்ற ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளில் போகும்போது வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுப் போவோம்.) 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளியான சின்ன எஸ்யூவி. வேறு நாடுகளில் எச்ஆர்-வி என்று பெயர். இலங்கையில் ஹைபிரிட்டுக்கு வரிச் சலுகை இருந்த காலம், 1500 சிசி எஞ்சினோடு ஒரு மோட்டாரும் சேர்ந்த இந்த வண்டி கணக்குக்குப் பொருந்தியது. உயரமான உடல், வெள்ளம் நிற்கிற ஒழுங்கையிலும் போகலாம். பெற்றோல் தாங்கியை முன் ஆசனங்களுக்குக் கீழே வைத்ததால், பின் ஆசனத்தை மடித்தால் சைக்கிளையே ஏற்றலாம். ஜப்பான் அளவீட்டில் லீற்றருக்கு 27 கிலோமீற்றர் என்றார்கள். ஓட்டுகிறவர்கள் சொல்வது 15க்கும் 20க்கும் இடையில். அதுவும் நல்ல கணக்குத்தான்.

பிரச்சினை கியர்ப்பெட்டியில். ஏழு கியர், இரண்டு கிளச். ஒன்று ஒற்றை எண் கியர்களைப் பிடிக்கும், மற்றது இரட்டை எண் கியர்களை. ஒன்று ஓடும்போதே அடுத்தது தயாராக இருக்கும், அதனால் மாற்றம் தெரியாது. நீண்ட வீதியில் அருமை. ஆனால் அந்தக் கிளச்சுகள் ஒயிலில் நனையாத உலர் வகை, காற்றால்தான் ஆறும். கஸ்தூரியார் வீதியில் மாலை நேரம் அங்குலம் அங்குலமாக ஊரும்போது அவை அரைகுறையாகப் பிடித்துப் பிடித்து உராயும். சூடேறினால் திரையில் எச்சரிக்கை வரும். ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இது எங்கள் வெயிலின் குற்றம் மட்டும் இல்லை. இதே அமைப்போடு வந்த ஃபிட் ஹைபிரிட்டை 2014 ஒக்டோபருக்குள் ஐந்து தடவை ஹொண்டா மீள அழைத்தது. சில அழைப்புகள் கியர்ப்பெட்டியின் மென்பொருளுக்காக, வெசலும் அவற்றில் சிலவற்றில் அகப்பட்டது. கடைசி அழைப்பில் ஃபிட், வெசல் உட்பட சுமார் 4 இலட்சத்து 25 ஆயிரம் வண்டிகள். அப்போதைய தலைவர் தகனோபு இட்டோ மூன்று மாதத்துக்குத் தன் சம்பளத்தில் 20 சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார். அந்த வெட்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மீள அழைக்கும் கடிதம் ஜப்பான் உரிமையாளரின் விலாசத்துக்குத்தான் போகும். பாவித்த வண்டியாக ஏலத்தில் வாங்கிக் கப்பலில் வந்ததற்கு, இங்குள்ளவர்தான் சேஸி இலக்கத்தை வைத்துத் தேட வேண்டும். எத்தனை பேர் தேடினார்கள்?

பிறகு 2020 மார்ச். மறுபடி அந்நியச் செலாவணி நெருக்கடி, வாகன இறக்குமதி நின்றது. 1960களின் கதை திரும்பி வந்தது. வெசலின் விலை ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது, இருந்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். 2022இல் எரிபொருள் வரிசை, கியூஆர் அட்டை, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த மாதங்களில் வெசல் தன் பெறுமதியைக் காட்டியது என்பதை மறைக்கக்கூடாது. 20 லீற்றரில் முந்நூறு கிலோமீற்றர் போகலாம், ஏ40 இருநூறைத் தொட்டாலே பெரிய விஷயம். ஆனால் அந்த 20 லீற்றரும் கிடைக்காவிட்டால் வெசல் வெறும் தகரம். உயர் அழுத்தத்தில் நேரடியாக எரிபொருள் பீச்சுகிற எஞ்சினுக்குப் போத்தலில் சொட்டு விட்டு ஏமாற்ற முடியாது. மண்ணெண்ணெயும் பழைய மண்ணெண்ணெயாக இல்லை, அந்த ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340க்குப் போனது.

ஆனாலும் பட்டறைகள் சும்மா இருக்கவில்லை. ஸ்பானரோடு ஸ்கேனரும் மடிக்கணினியும் வைத்திருக்கிற இளம் பொடியன்கள் இன்று கிளச் பெட்டியை மேசையில் விரித்துப் போடுகிறார்கள். இறக்குமதி நின்ற ஐந்து வருடம் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். தாத்தா கார்பரேற்றரைப் படித்தது மாதிரித்தான் இதுவும். ஒரு வித்தியாசம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஏ40இன் நோயை ஓட்டுகிறவரே காதால் கேட்டு அறிவார். வெசலின் நோயைச் சொல்ல இயந்திரம் வேண்டும், அந்த இயந்திரம் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டும்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது. 2021இல் ஜப்பானில் வெளியான புதிய வெசலில் அந்த இரட்டைக் கிளச்சே இல்லை. இரண்டு மோட்டார் வைத்து ஹொண்டா அமைப்பையே மாற்றிவிட்டது. பழையதை விற்க விளம்பரம் போடுகிறவரிடம் வாங்குகிறவர் இனி முதலில் கேட்கப் போவது கியர்ப்பெட்டியைப் பற்றித்தான்.

இனி ஒரு வேண்டுகோள். தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ரக்சி ஓடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், பெற்றோலில் இருந்து மண்ணெண்ணெய்க்கு எந்த நேரத்தில் மாற்றினார், எதை வைத்துச் சூட்டை அறிந்தார், ஒரு இரவில் யாரை ஏற்றிப் போனார் என்று கேட்டுத் தொலைபேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். பழைய பதிவுப் புத்தகம் இருந்தால் அதன் படமும். மருதனார்மடம் பக்கம் இருப்பவர்கள் சொன்னால் பாடசாலை விட்ட பிறகு நானே வந்து எழுதிக்கொள்கிறேன்.