உழைப்பவரும் ஓவியமும்

ஓவியம் என்றதும் அரசர்களும் தெய்வங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால், மண்ணில் உழைப்பவரையும் ஓவியர்கள் தீட்டியிருக்கிறார்கள். அத்தகைய இரண்டு வரலாறுகளை இன்று காண்போம்.

1930ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எல்டன் என்ற சிற்றூர். அங்கே ஒரு சிறு மரவீட்டைக் கண்டார் கிராண்ட் வுட் என்னும் ஓவியர். அவரும் பண்ணையில் பிறந்தவரே. அவ்வீட்டின்முன் ஒரு குடியானவரும் அவர் மகளும் நிற்பதாகப் படம் தீட்டினார். குடியானவரின் கையில் வைக்கோல் வாரும் மூன்று முனைக் கவைக்கோல். சிகாகோ கலைக்காட்சியில் அப்படம் 300 டாலர் பரிசு பெற்றது. ஆனால், செய்தித்தாளில் அதைப் பார்த்த அயோவாக் குடியானவப் பெண்கள் சிலர் சினந்தார்கள். தங்களைக் கடுகடுத்த முகத்தினராகக் காட்டிவிட்டார் என்பது அவர்கள் குறை. உண்மையில், படத்துக்காக நின்றவர்கள் உழவர்களே அல்லர். ஒருவர் ஓவியரின் தங்கை. மற்றவர் அவருடைய பல் மருத்துவர்!

அடுத்து, 1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். குஜராத்தில் ஹரிபுரா என்னும் கிராமத்தில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அந்த இடத்தை அழகுபடுத்தும் பொறுப்பைச் சாந்திநிகேதன் ஓவியர் நந்தலால் போஸிடம் காந்தியடிகள் ஒப்படைத்தார். அவரும் மாணவர்களும் கையால் செய்த காகிதத்தில், மண் நிறங்களைக் குழைத்து ஏறத்தாழ 400 படங்கள் தீட்டினர். உழுபவர், நெல் குத்தும் பெண், தச்சர், செருப்புத் தைப்பவர், மத்தளம் கொட்டுபவர் எனக் கிராமமே படமாயிற்று. அவற்றை மாளிகைச் சுவரில் மாட்டவில்லை. பொதுமக்கள் நடமாடும் வாயில்களிலும் பந்தல்களிலும் வைத்தார்கள். வந்த குடியானவர்கள் தங்கள் தொழிலையே படத்தில் கண்டார்கள்.

இரண்டு படைப்புகளுமே புகழ் பெற்றவை. ஆயினும், யாரை வரைகிறோமோ அவர்கள் காணும்படி வைத்தது ஹரிபுராவின் தனிச் சிறப்பு.

இனி நம் கதைக்கு வருவோம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, தலையில் துணி கட்டி, காண்டா வாளி சுமந்து பால் எடுத்த நம் தாய்மாரை எத்தனை பேர் வரைந்தார்கள்? பாகான் டத்தோவில், நட்டு வைத்த இரும்பு முனையில் தேங்காய் உரித்த கைகளை யார் தீட்டினார்கள்? பால்மரங்கள் நின்ற எத்தனையோ தீம்பார்களில் இன்று செம்பனை நிற்கிறது. லயன்கள் பல இருந்த இடம் தெரியவில்லை. அவற்றைக் கண்ணால் கண்டவர்களும் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தாளையும் வண்ணப் பென்சிலையும் கொடுங்கள். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மங்கு எப்படி இருந்தது, உளியை எப்படிப் பிடித்தார்கள் என்று பாட்டி சொல்லட்டும், பிள்ளை வரையட்டும். தவறாக வரைந்தால் திருத்துவதற்கு இன்று பாட்டி இருக்கிறார் அல்லவா?